இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர்

மருத்துவமனையிலிருந்து அழுக்குத் துணி ஏற்றிக்கொண்டு திரும்பும் வேனில், அன்று துவைத்து மடித்து அனுப்பிய போர்வைகளும் சேர்ந்து திரும்பி வந்தன. மொத்தம் நாற்பத்திரண்டு. சலவைக்கூடத்தின் மேலாளர் இரண்டு முறை எண்ணினாள். இரண்டு முறையும் நாற்பத்திரண்டுதான்.

"எல்லாம் ஓரத்துல காஞ்சிருக்கு மேடம், நடுவுல மட்டும் ஈரம்" என்றார் வேன் ஓட்டுநர். வாய் ஓயாத மனிதர் என்பதால் கூடத்தில் அவருக்குப் பெயர் ஹாரன். "சிஸ்டர் நடுவுல கையை விட்டுப் பாத்தாங்க. 'இது என்னப்பா, குழந்தைங்க வார்டுல படுத்து எழுந்த மாதிரியே அனுப்பியிருக்கீங்க'ன்னு கேட்டாங்க. எல்லார் முன்னாடியும். நான் என்ன பண்ணுவேன், வண்டிக் கண்ணாடியைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டேன்."

ஒரே மாதத்தில் இது மூன்றாவது முறை. சிஸ்டர் என்பவர் மருத்துவமனையின் துணிக்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் மூத்த செவிலியர். அடுத்த அரை மணியில் தொலைபேசியில் வந்தார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை நானே நேர்ல வந்து பாக்குறேன். அதுக்குள்ள இன்னொரு ஈரப் போர்வை வந்துச்சுன்னா, அடுத்த மாசம் வேற ஆளைப் பாத்துக்கிறோம். வருத்தப்படாதீங்க."

வருத்தப்படாமல் எப்படி இருப்பது? கூடத்துக்கு வரும் துணியில் பாதி அந்த மருத்துவமனையுடையது. அது போனால் பிற்பகல் வேலைக்கு ஆளே தேவையில்லை என்று முதலாளி ஏற்கெனவே சொல்லிவிட்டார். பிற்பகலில் வேலை செய்கிறவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரையும் கூப்பிட்டு, நாளையிலிருந்து வராதீர்கள் என்று சொல்ல வேண்டியவள் மேலாளர். அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

அன்று திங்கட்கிழமை. பிற்பகல் ஆட்கள் வந்ததும் எல்லாரையும் மடிப்பு மேசையைச் சுற்றி நிறுத்தினாள். ஒரு போர்வையை விரித்து, ஈரமான இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இது எப்படி நடந்தது?"

உலர்த்தும் இயந்திரங்களைக் கவனிப்பவர் தரையைப் பார்த்தார். நாள் முழுக்க அனலில் நின்றாலும் கோபமே வராத ஆள் என்பதால் அவருக்கு ஐஸ் என்று பெயர். இஸ்திரி ரோலரை ஓட்டும் ரோலர் அக்கா, ஊர் உலகத்தில் எதைப் பற்றியும் பேசுவாள். வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவள் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும்.

"யார் தப்புன்னு கேக்கல. எங்க தப்புன்னுதான் கேக்குறேன்."

"பாத்துக்கலாம் மேடம்" என்றார் ஐஸ்.

"என்னத்தைப் பாத்துக்கலாம்?"

"இனிமே வராமப் பாத்துக்கலாம்."

"எப்படி?"

"பாத்துக்கலாம் மேடம்" என்றாள் மடிப்பு மேசைப் பெண் ஒருத்தி, ஆறுதல் சொல்லும் குரலில். ஏதோ மேலாளர் வீட்டில்தான் துக்கம் நடந்துவிட்டது போல.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக இந்த ஒரு சொல்லைத்தான் கேட்கிறாள். தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுகிறதே? பாத்துக்கலாம். சோப்பு சீக்கிரம் தீர்கிறதே? பாத்துக்கலாம். யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள், எதைப் பார்ப்பார்கள் என்று மட்டும் தெரியாது. பஞ்சுப் பொதியில் குத்துவது போல இருந்தது.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் முதலாளி அவளை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார். பணியிடப் பண்பாட்டைத் தலைவர்கள் எப்படி மாற்றுவது என்பது தலைப்பு. அங்கே கொடுத்த தடித்த ஃபைலை வரி விடாமல் படித்து, அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். தினமும் ஒரு கூட்டம் வைத்தாள். கருத்துப் பெட்டி வைத்தாள். முதல் மாத முடிவில் திறந்தபோது அதில் ஒரு சட்டைப் பொத்தானும், மிட்டாய்க் காகிதமும், ஒரு சீட்டும் இருந்தன. சீட்டில், 'பெட்டியின் மூடி சரியாக மூடவில்லை' என்று எழுதியிருந்தது. பரவாயில்லை, ஒருவராவது எழுதினாரே என்று மகிழ்ந்துபோய், மறுநாள் கூட்டத்தில், "எழுதினவங்க யாரா இருந்தாலும் பாராட்டு. அவங்களே ஒரு நல்ல மூடியா பாத்து வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். யாரும் முன்வரவில்லை. அதற்குப் பிறகு பெட்டியில் பொத்தான்கூட விழவில்லை.

இவை போதாதென்று, ஃபைலின் முதல் பக்கத்தில் இருந்த வாசகத்தைப் பெரிதாக அச்சடித்து, பளபளக்கும் உறை போட்டு, சுவரில் மாட்டியிருந்தாள்: 'பிரச்சினையைச் சொல்பவரே தீர்வுக்குச் சொந்தக்காரர்.'

செவ்வாய்க்கிழமை அவள் பொறுமை முடிந்தது. வெள்ளைப் பலகையில் எழுதினாள்: 'இன்று முதல் இந்தக் கூடத்தில் யாரும் பாத்துக்கலாம் என்று சொல்லக் கூடாது.'

எழுதி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. துவைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கியிருப்பதைக் காட்டிக் கேட்டாள்.

"கவனிச்சுக்கலாம் மேடம்" என்றது பதில்.

நூல் பிரிந்த தலையணை உறை? "செஞ்சுக்கலாம் மேடம்." வேனின் பின்கதவு சரியாகச் சாத்தவில்லையே? ஹாரன் பலகையை ஒரு பார்வை பார்த்தார். "அதான் மேடம்."

"எது?"

"நீங்க சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்களே, அது."

ரோலருக்குப் பின்னாலிருந்து யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

அன்று மாலை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஊருக்கு வந்திருந்த நாத்தனாரும் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்பது பேரும் ஊமையா என்ன?" என்றான் கணவன்.

"ஊமையா? சாப்பாட்டு வேளையில போய்க் கேளுங்க, காது கிழியும். நான் உள்ளே போனா மட்டும் கப்சிப்."

"அப்ப உன்னைப் பார்த்துப் பயம்."

"என்னைப் பார்த்தா? எனக்குப் பட்டியல்னு பேர் வெச்சிருக்காங்க. பயப்படுற ஆளுங்க பேர் வெப்பாங்களா?"

"அண்ணி, அந்தச் சொந்தக்காரர் போஸ்டர் எங்க ஆபீஸ்லயும் மாட்டியிருக்காங்க" என்றாள் நாத்தனார். "நல்லா பளபளன்னு இருக்கும். அது முன்னாடி நின்னுதான் நாங்க தலை சீவிப்போம்."

கணவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் என்னதான் தவறு செய்கிறேன், ஃபைலில் இருப்பதில் எதையும் விடவில்லையே என்று பாத்திரம் கழுவும்போது யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. பாத்திரத்தை மட்டும் வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தாள்.

புதன்கிழமை, பிற்பகல் வேலை தொடங்குவதற்குச் சற்று முன்னால், அவள் உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால் எதையோ தேடிப் போனாள். ஐஸ் மூன்றாம் இயந்திரத்தின் பக்கவாட்டில் குனிந்து, சாக்குக்கட்டியால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் உள்ளங்கையால் அழிக்கப் பார்த்தார். பாதிதான் அழிந்தது. '+20' என்று இருந்தது.

"இது என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல மேடம். பாத்து..." என்று தொடங்கி, தடை ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை அந்தம்மா வர்றாங்க. ஒன்பது பேர் வேலை. அதுல உங்க வேலையும் ஒண்ணு. இருபதுன்னா என்ன, சொல்லிடுங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "நான் சொல்லலைன்னு வெச்சுக்கங்க மேடம்."

"வெச்சுக்கிறேன்."

"இந்த மூணாவது மிஷின் பொய் சொல்லுது. துணி காயறதுக்கு முன்னாடியே காஞ்சிருச்சுன்னு மணி அடிச்சுடும். ரெண்டு மாசமாவே இப்படித்தான். நான் இருக்கிற நாள்ல மணி அடிச்சப்புறமும் இருபது நிமிஷம் ஓட விடுவேன். நான் லீவு போட்டா வேற யாராவது நிப்பாங்க, மணி அடிச்சதும் எடுத்துடுவாங்க. அதுக்காகத்தான் எழுதி வெக்கிறது. ஆனா மிஷினைத் தினமும் பளிச்சுன்னு தொடைக்கணும்னு நீங்க சொல்லியிருக்கீங்க. தொடைக்கிறவங்க அதையும் சேத்துத் தொடைச்சுடுறாங்க."

மேலாளர் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். சுட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா தெரியும். எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் மேடம்."

"எனக்கு மட்டும் தெரியாது."

அவர் மரியாதைக்காக இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏண்ணே என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா என் ஞாயித்துக்கிழமை போயிடும் மேடம்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் நிதானமாக விளக்கினார். அவள் வந்த முதல் வாரம், தள்ளுவண்டிச் சக்கரம் உடைந்திருக்கிறது என்று அவர்தான் போய்ச் சொன்னார். மிக்க நன்றி, நீங்களே பாத்துக்குங்க என்றாள் அவள். கடைக்குப் போய் விலை கேட்டு வரச் சொன்னாள். ஒரு கடை போதாது, மூன்று கடையில் எழுதி வாங்கி வரச் சொன்னாள். ஒரு படிவம் கொடுத்தாள். அதை நிரப்பத் தெரியாமல் மகளிடம் கொடுத்து நிரப்பினார். எல்லாம் முடிய இரண்டு விடுமுறை நாள் ஆயிற்று. வாங்கி வந்த சக்கரம் அளவு சேரவில்லை. அதற்கு ஏன் என்று விளக்கம் எழுதிக் கொடுக்கவும் சொன்னாள்.

"கோபமெல்லாம் இல்ல மேடம்" என்றார் ஐஸ். "ஆனா அன்னிக்கே எல்லாரும் பாத்துட்டாங்க. சுவத்துலயும் எழுதிப் போட்டுட்டீங்க. சொன்னவன் தலையிலதான் விழும்னு ஆயிடுச்சு. நீங்க பாத்துக்குங்கன்னு சொல்றீங்க. நாங்க பாத்துக்கலாம்னு சொல்றோம்."

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நோட்டை எடுத்தாள். கூடத்தில் யார் என்ன குறை சொன்னாலும் அவள் அதில் எழுதுவாள். ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோல் வைத்து நான்கு கட்டங்கள்: தேதி, பிரச்சினை, சொன்னவர், பொறுப்பு. முதல் பக்கத்தைப் புரட்டினாள். 'சொன்னவர்' கட்டத்தில் ஐஸின் பெயர். 'பொறுப்பு' கட்டத்திலும் அதே பெயர். அடுத்த வரி: ரோலர் அக்கா, ரோலர் அக்கா. அடுத்து ஹாரன், ஹாரன். சில இடத்தில் இரண்டாவது முறை பெயரை எழுதச் சோம்பல்பட்டு, 'மேற்படி' என்றே போட்டிருந்தாள்.

முதல் வாரம் பதினான்கு குறைகள். இரண்டாம் வாரம் ஒன்பது. மூன்றாம் வாரம் மூன்று. பிறகு ஒன்றும் இல்லை. வெறும் தேதிகள். குறைகள் இப்படிச் சரிந்ததை வரைபடமாகக் கோடு போட்டு முதலாளிக்கு அனுப்பியவளும் அவள்தான். சபாஷ் என்று பதில் வந்தது. அதைக் கணவனிடம்கூடக் காட்டினாள்.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நாள் தவறாமல் எழுதி வைத்திருக்கிறாள். ஒரு நாளாவது படித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

பிற்பகல் கூட்டத்தில் சுவரிலிருந்து வாசகத்தைக் கழற்றினாள்.

"அது வேணாம்னா எனக்குக் குடுங்க மேடம்" என்றார் ஹாரன். "வண்டி சீட்டுக்கு அடியில போட்டா மழைத்தண்ணி ஏறாது."

கொடுத்தாள். பிறகு நோட்டைத் திறந்து அந்த இரண்டு கட்டங்களைக் காட்டினாள். தப்பு என்னுடையது என்றாள். இனி யார் என்ன சொன்னாலும் பொறுப்புக் கட்டத்தில் என் பெயர்தான் இருக்கும், நீங்கள் சொன்னால் போதும் என்றாள்.

ரோலர் அக்கா கையில் இருந்த துண்டை நான்காக மடித்தாள்.

"இது எந்த ஃபைல்ல வந்தது மேடம்?"

"ஃபைல்ல வரல அக்கா."

"ஓ" என்றாள் ரோலர் அக்கா. அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். மேலாளர் நோட்டைப் பிடித்தபடி மேசை ஓரத்தில் நின்றாள். மூன்று மாதம் வாயை அடைத்துவிட்டு மூன்று நிமிடத்தில் திறக்கச் சொன்னால் யார் திறப்பார்கள்?

அன்றே மூன்றாம் இயந்திரத்தை நிறுத்தி, கம்பியைப் பிடுங்கிச் சுருட்டிக் கட்டினாள். அதை நிறுத்தினால் நாளொன்றுக்கு அறுபது போர்வை குறையும். சிஸ்டருக்கு அவளே தொலைபேசியில் சொன்னாள்: "ஒரு மிஷின் கெட்டுப்போச்சு. ரெண்டு மாசமா கெட்டிருக்கு, எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். கம்மியாத்தான் வரும். ஆனா ஈரமா ஒண்ணும் வராது."

"வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றார் சிஸ்டர்.

ஓர் இயந்திரம் நின்றதால், வெள்ளிக்கிழமை வரை பிற்பகல் ஆட்களையும் காலையிலேயே வரச் சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை காலை முதலாளிக்குத் தொலைபேசி செய்தாள். இயந்திரம் இன்னும் உத்தரவாத காலத்தில் இருந்தது. வாங்கியவர் கையெழுத்திட்ட கடிதம் போனால்தான் கம்பெனிக்காரன் வந்து பார்ப்பான். ஐஸ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ரோலர் அக்காவும் ஏதோ வேலை இருப்பது போல அங்கேயே துணி உதறிக்கொண்டிருந்தாள்.

விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு முதலாளி சொன்னார்: "நல்லவேளை கண்டுபிடிச்சே. சரிம்மா, நீயே பாத்துக்கோ."

அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. சக்கரம் உடைந்த அந்த முதல் வாரம், என்ன செய்வது என்று தெரியாமல் இவரிடம்தான் முதலில் கேட்டாள். இதே வார்த்தை, இதே குரல். அதைத்தான் ஒரு 'ங்க' சேர்த்துக் கீழே தள்ளிவிட்டிருக்கிறாள்.

"இல்ல சார்" என்றாள்.

"என்ன இல்ல?"

"இதை நான் பாத்துக்க முடியாது. கையெழுத்து உங்களுது. நீங்கதான் பாக்கணும்."

"என்னம்மா இப்படிப் பேசுறே? உன்னை எதுக்கு மேனேஜரா வெச்சிருக்கேன்?"

"கெட்டதைக் கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கு சார். சொல்லிட்டேன். பதினோரு மணிக்குள்ள கடிதம் போச்சுன்னா இன்னிக்கே ஆள் அனுப்புறாங்களாம். போகலைன்னா சிஸ்டர் நாளைக்கு நின்னுபோன மிஷினைத்தான் பாப்பாங்க."

முதலாளி பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. பயிற்சிக்கு அனுப்பியதே தப்பு என்று முணுமுணுத்தார். வைத்துவிட்டார். மேலாளரின் காது சூடாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். ஐஸ் தன் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ரோலர் அக்கா இன்னும் அதே துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

கடிதம் பன்னிரண்டு மணிக்குப் போனது. மெக்கானிக் மாலை ஐந்து மணிக்கு வந்து, ஈரத்தை அளக்கும் சிறு கருவியைக் கழற்றி, நூல் பிசிறு அடைத்துக்கொண்டிருப்பதைக் காட்டி, "இதை யாருமே பாக்கலையா?" என்று கேட்டார். அவரைக் கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சிஸ்டர் வந்தார். சின்ன உருவம், கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அடுக்கி வைத்த போர்வைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கையை விட்டார். பத்து, இருபது, முப்பது. எல்லாம் காய்ந்திருந்தன. பிறகு படுக்கை விரிப்பு அடுக்குக்குப் போய் ஒன்றை எடுத்து உதறினார். ஓரத்தில் விரல் நுழையும் அளவு கிழிசல்.

"இது?" என்றார்.

மேலாளருக்குத் தெரியாது. இப்போதுதான் பார்க்கிறாள்.

"ரோலர்ல வலது பக்கம் ஒரு கம்பி நீட்டிக்கிட்டிருக்கு" என்றாள் ரோலர் அக்கா.

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"அதுல மாட்டித்தான் கிழியுது. இந்த வாரம் ஆறு கிழிஞ்சிருக்கு. தனியா எடுத்து வெச்சிருக்கேன். இது எப்படியோ தப்பி அடுக்குல வந்துடுச்சு." மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன மூட்டையை எடுத்து, சிஸ்டர் முன்னாலேயே பிரித்தாள். ஆறு விரிப்பு. ஆறிலும் அதே இடத்தில் அதே கிழிசல்.

மற்ற எட்டுப் பேரும் சிஸ்டரைப் பார்க்கவில்லை. மேலாளரைப் பார்த்தார்கள்.

அவள் வாய்க்குள் பல சொற்கள் முட்டிக்கொண்டு வந்தன. ஆறா, ஒரு வாரமா, இத்தனை நாள் வாயில் என்ன வைத்திருந்தாய், அதுவும் இவர் முன்னாலா. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"எனக்கு இது இப்பத்தான் தெரியும் சிஸ்டர்" என்றாள். "அக்கா சொன்னது நல்லதாப் போச்சு. ரோலரை இப்பவே நிறுத்துறேன். கம்பியைச் சரி பண்றது என் பொறுப்பு. கிழிஞ்ச ஏழுக்கும் பதிலா புதுசு நாங்க குடுத்துடுறோம்."

சிஸ்டர் கிழிந்த விரிப்பை மேசையில் வைத்தார். மேலாளரையும் ரோலர் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பையிலிருந்து தாளை எடுத்து ஏதோ எழுதினார், என்னவென்று தெரியவில்லை.

"இன்னும் ஒரு மாசம் பாக்குறேன்" என்றார். "சாயங்காலத் துணி எப்ப வரும்?"

"ஆறு மணிக்கு" என்றார் ஹாரன்.

"ஆறரைக்கு" என்றாள் மேலாளர். "ரோலர் நிக்குதே."

சிஸ்டர் போனதும் கூடத்தில் பேச்சு சலசலவென்று எழுந்தது. மேலாளர் ரோலரை நிறுத்திவிட்டு, அது ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு ரோலர் அக்கா பக்கம் திரும்பினாள்.

"இதை நேத்தே சொல்லக் கூடாதா அக்கா? அந்தம்மா வந்து நிக்கும்போதுதான் சொல்லணுமா? எனக்கு உயிரே போயிடுச்சு."

"நேத்து சொல்லத்தான் வந்தேன். நீங்க முதலாளியோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க."

"முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாமே."

"அதுக்குள்ள மெக்கானிக்கோட சண்டை போட ஆரம்பிச்சுட்டீங்க."

மேலாளர் ஐஸிடமிருந்து டார்ச் விளக்கை வாங்கினாள். தரையில் ஒரு பழைய துண்டைப் போட்டு மண்டியிட்டு, ரோலருக்கு அடியில் தலையை நுழைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள்.

"அந்தப் பக்கம் இல்ல மேடம்" என்றாள் ரோலர் அக்கா மேலிருந்து. "நான் வலதுன்னு சொன்னது நான் நிக்கிற பக்கத்திலேர்ந்து."